மலரின் எடைக்கு வெல்லம்

ஆடி 7, வியாழன்
காற்று. தூறல் ஏமாற்றிவிட்டது. மொரப்பூர் மண்டியில் வெல்லம், முப்பது கிலோ மூட்டை இரண்டு, சொல்லியாயிற்று. ஞாயிறு, மாரியம்மன் கோயிலில் பேத்தி மலரின் எடைக்கு எடை.

எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். என் கையளவு. பிழைத்தால் பன்னிரண்டு வயதில் தராசில் உட்கார வைக்கிறேன் என்று வேண்டினேன். பிழைத்தாள்.

ஆடி 9, சனி
முழங்கால் வலி. மருமகள் காலையிலேயே ஆரம்பித்தாள்.

"மாமா, புள்ள அழுவுதுங்க. ஸ்கூல்ல குண்டுன்னு கூப்புடுறாங்களாம். தராசு வேணாங்க. உண்டியல்ல போட்டுக்கலாம்."

உண்டியலுக்கா வேண்டினேன்? பள்ளிக்கு வந்த டாக்டரம்மா வேறு, எடை அதிகம், இனிப்பைக் குறையுங்கள் என்றாராம். அந்தம்மா மலரைப் பெட்டிக்குள் பார்த்தாரா? நான் பார்த்தேன். அவள் உடம்பில் ஏறிய ஒவ்வொரு பிடிச் சதையும் அம்மன் கொடுத்தது.

மகன், "வூட்டுலயே ஒருவாட்டி எடை பாத்துக்கலாம்ப்பா" என்றான். சாமி பார்ப்பதற்கு முன்னால் மனுஷன் எடை பார்ப்பதா? கூடாது.

மலரிடம், "எனக்காக வந்து உக்காரு சாமி" என்றேன். சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆடி 10, ஞாயிறு
நல்ல வெயில். கூட்டம். புளியமரத்தில் தராசு. நீலப் பாவாடையில் மலர். இரண்டு மூட்டையும் ஏற்றியாயிற்று. அவள் தட்டு எழும்பவில்லை.

"ஏனுங்க, வெல்லம் பத்தலீங்க" என்றார் பூசாரி.

"மண்டியவே கொண்டாங்கப்பா!"

"மரம் தாங்குமாடா?"

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. மகன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். மலர் எழப் பார்த்தாள். இறங்கினால் வேண்டுதல் கெட்டுவிடும் என்று நான்தான் உட்கார வைத்தேன். அவன் வரும்வரை சங்கிலியைப் பிடித்தபடி குனிந்தே இருந்தாள். பாவாடையில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

சிரித்தவர்களே பிறகு கை நீட்டி வெல்லம் வாங்கித் தின்றார்கள். நாய்கள்.

ஆடி 12, செவ்வாய்
மேகம். மாட்டுக்குத் தவிடு தீர்ந்தது. மலர் பள்ளிக்குப் போகவில்லை. ஞாயிறு முதல் மோர் மட்டும். மருமகள் என் தட்டைச் சத்தமாக வைக்கிறாள். வைக்கட்டும். வேண்டியதைச் செய்தேன். யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

மதியம் களியும் கீரையும் நானே எடுத்துப் போனேன். "ஒரு வாய் தின்னு சாமி."

சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "தாத்தா, நான் அந்தக் கண்ணாடிப் பொட்டியில இருந்தப்ப யாராச்சும் சிரிச்சாங்களா?"

"இல்ல கண்ணு. எல்லாரும் அழுதோம்."

தொடாத தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.