கடைசிப் பெயர்

ஜனவரி 9, 2025

புதுக் கட்டுரை அச்சாகிவிட்டது. எழுதியவர்கள் பதினேழு பேர், நான் ஒன்பதாவது. எட்டுப் பேர் முன்னால், எட்டுப் பேர் பின்னால், நடுவில் ஜலஜா. பெஹாலா போகிற மினிபஸ்ஸில் தினமும் நான் நிற்கிற அதே நிலை.

முதல் பெயர் உழைத்தவருக்கு, கடைசிப் பெயர் ஆராய்ச்சியை நடத்தியவருக்கு. நடுவில் கூட்டம். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்காரி எப்போதும் கூட்டத்தில்தான். மற்றவர்கள் ரத்தத்தை மெஷினில் ஓட்டி, வருகிற எண் குவியலை என் மேஜையில் கொட்டுவார்கள். நான் கம்ப்யூட்டரில் அலசி, பிழிந்து, மடித்துத் தருவேன். இஸ்திரி போட்டவர் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் யார் போடுகிறார்கள்?

"நடுநாயகம்னு வெச்சுக்கோயேன்" என்றார் கிரீஷ். கட்டின புருஷன், பாங்க் ஆபீசர். நகைச்சுவைக்கும் வட்டி கேட்பார்.

ஜனவரி 16

புரொபசர் பதவிக்கு நேர்காணல் ஏப்ரலில். கடைசிப் பெயராக ஒரு பெரிய கட்டுரையாவது வேண்டுமாம். என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் இன்னும் அசோசியேட்.

துறைத்தலைவர் லாஹிரி தா கூப்பிட்டார். (தா என்றால் அண்ணன். இங்கே தலைவரும் தா, டீ கொண்டுவருபவரும் தா. சமத்துவம் அத்தோடு சரி.) ஜர்தாப் புகையிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றுநோயை ரத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. "ஜொலொஜா, அனாலிசிஸும் நீ, கடைசிப் பெயரும் நீ" என்றார்.

ஏன் இந்தத் தாராளம்? ஆபீஸ் மொஹுவா விடை சொன்னாள்: அவர் டைரக்டர் நாற்காலிக்கு அடிபோடுகிறாராம். இனிமேல் அவருக்குக் கட்டுரை வேண்டாம், நன்றிக்கடன்பட்ட ஆட்கள் போதும். எனக்கென்ன, படுகிறேன்.

ஜனவரி 29

படம் வந்தது. இடது பக்கம் சிவப்புப் புள்ளிகள், நோயாளிகள். வலது பக்கம் நீலம், நோயில்லாதவர்கள். நடுவே மைதான் அளவுக்குக் காலி இடம். லாஹிரி தா நொலேன் குட் சந்தேஷ் வரவழைத்தார், குளிர்கால ஈச்சவெல்லத்தில் செய்கிற பால் இனிப்பு. மூன்று தின்றேன்.

பிப்ரவரி 4

அந்தக் காலி இடம் உறுத்துகிறது. மனித ரத்தம் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. சிவப்பும் நீலமும் கொஞ்சமாவது இடித்துக்கொண்டு நிற்கணுமே?

பிப்ரவரி 5

பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நோயாளிகளின் ரத்தம் முழுக்க மெஷினில் ஓடியது துர்கா பூஜைக்கு முன்னால். நோயில்லாதவர்களுடையது முழுக்க பூஜைக்குப் பின்னால். செப்டம்பரில் இந்த ஊரில் யாரிடம் எதைக் கேட்டாலும் "புஜோர் பொரே" — பூஜைக்கு அப்புறம் — என்பார்கள். ரத்தம் தர ஒப்புக்கொண்ட நோயில்லாதவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். நடுவில் லீவு. திரும்பி வந்து மெஷினுக்கு சர்வீஸ், புது கெமிக்கல்.

நாலு நோயாளிகளின் ரத்தம் முதல் தடவை கெட்டுப்போய், பூஜைக்குப் பிறகு மறுபடி எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்த நாலையும் படத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்திருந்தோம். இன்று சேர்த்தேன். நாலும் நேரே போய் நீலக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டன.

அப்படியானால் நாங்கள் கண்டுபிடித்தது புற்றுநோயை இல்லை. துர்கா பூஜையை.

பிப்ரவரி 6

லாஹிரி தாவிடம் சொன்னேன்.

"கணக்கில் அதைக் கழித்துவிடேன்."

"முடியாது, லாஹிரி தா. உங்கள் மனைவி எல்லாவற்றையும் கேஸ் அடுப்பில் சமைக்கிறார், நான் எல்லாவற்றையும் கரி அடுப்பில் சமைக்கிறேன். ருசி வேறாக இருந்தால், அது கையா அடுப்பா? இரண்டு கூட்டத்து சாம்பிள்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒரே சமயத்தில் மறுபடி ஓட்டணும்."

"ஏப்ரலுக்குள்ளா?" — மிகுந்த அன்போடு. பிறகு, "நீங்கள் தமிழர்கள் பிரசாதத்துக்குக்கூட எக்ஸ்பைரி தேதி பார்ப்பீர்கள்" என்றார்.

சிரித்துவிட்டேன். நல்ல ஜோக். எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

பிப்ரவரி 9

கிரீஷ் கேட்டார்: "இதனால யாராவது சாகப்போறாளா?"

"இதை நம்பி டெஸ்ட் கொண்டுவருவா. வாயில புண்ணோட ஒருத்தன் வருவான். உனக்கு ஒண்ணுமில்லை, போன்னு அனுப்பிடுவா."

"அதுக்குப் பத்து வருஷம் ஆகும். உன் இன்டர்வியூ ஏப்ரல்ல."

கெட்ட மனுஷர் இல்லை. ஒவ்வொரு வருஷமும் பதவி கிடைக்காமல் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதைப் பார்ப்பவர் அவர்தானே. பேசாம இருந்துடலாமா? ஆசையாத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்ப ஆசையா இருந்தது.

பிப்ரவரி 17

என் பெயரை எடுத்துவிடச் சொல்லி மெயில் போட்டேன். டீ ஆறுவதற்குள் பதில்: உன் விருப்பம்.

கொஞ்சமாவது கெஞ்சியிருக்கலாம்.

மார்ச் 3

கடைசிப் பெயர் இப்போது செந்தில்நாதன். துறைக்குப் புதிதாக வந்த திருச்சிக்காரர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில்.

"நீங்க வேண்டாம்னு சொன்னதாலதான் மேடம்..."

"அந்த நாலு புள்ளி?"

"அவுட்லையர் மேடம். தூக்கிட்டேன்." கூட்டத்தோடு ஒட்டாத புள்ளிக்கு எங்கள் தொழிலில் அந்தப் பெயர்.

இரண்டாம் தரம் வத்தக்குழம்பு கேட்டார். ஊற்றினேன். வேற என்ன பண்றது, தலையிலயா ஊத்த முடியும்?

ஏப்ரல் 22

நேர்காணல். வெளியூர் நிபுணர் என் பட்டியலைப் புரட்டினார். "இத்தனை கட்டுரைகள். இதில் நீங்கள் எங்கே?"

"நடுவில் தேடுங்கள்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கமிட்டியில் இருந்த லாஹிரி தா மட்டும் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

ஏப்ரல் 30

இல்லை.

ஜூலை 11

கட்டுரை வெளிவந்துவிட்டது. இன்றைய நியூஸ்பேப்பரில் லாஹிரி தாவும் செந்தில்நாதனும் மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் மைக்ரோஸ்கோப்புக்கு வேலையே கிடையாது.

கட்டுரையை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு புள்ளி, பூஜை, எல்லாம். அடுத்த ஏப்ரலில் மறுபடி நேர்காணல். அதே கமிட்டி.

லேப்டாப்பை மூடிவிட்டு வெண்டைக்காய் நறுக்கினேன்.

ஆகஸ்ட் 19

கட்டுரையை எம்.எஸ்ஸி. பாடத்தில் சேர்த்துவிட்டார் லாஹிரி தா. நடத்த வேண்டியவள் நான். படத்தைத் திரையில் போட்டு, சிவப்பு நோயாளிகள், நீலம் நோயில்லாதவர்கள் என்றேன். வார்த்தை தடுமாறும் என்று நினைத்தேன். கணீரென்று வந்தது.

டிசம்பர் 12

விடைத்தாள் திருத்தினேன். கேள்வியும் விடைக்குறிப்பும் லாஹிரி தா கொடுத்தவை: ரத்தத்தை வைத்து நோயாளிகளைத் தெளிவாகப் பிரிக்க முடியும், ஏன்? வகுப்பே தெளிவாகப் பிரித்திருந்தது.

ஸ்ரீதமா என்று ஒரு பெண். கடைசி பெஞ்ச், வாயே திறக்கமாட்டாள். அவள் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "இரண்டு குழுவின் ரத்தத்தையும் ஒரே சமயத்தில் சோதித்தார்களா என்று கட்டுரையில் இல்லை. அது தெரியாமல் இந்த முடிவை ஏற்க முடியாது."

திரும்பத் திரும்பப் படித்தேன். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு தடவை.

விடைக்குறிப்பில் இதற்கு மதிப்பெண் கிடையாது. என்னிடமிருந்து தாள் லாஹிரி தாவிடம்தான் போகும். இதற்கு முழு மதிப்பெண் போட்டால் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைப்பார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை யார் நம்புவார்கள்?

பத்துக்கு நாலு போட்டேன்.

டிசம்பர் 23

மறுமதிப்பீடு கேட்டு என்னிடம் வர இன்று ஐந்து மணி வரைதான் நேரம். அவள் கேட்டால் பத்தும் போட்டுவிடுவது, லாஹிரி தா என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். மத்தியானம் சாப்பிடக்கூட வெளியே போகவில்லை. மொஹுவா வந்து ஆபீஸ் பிரின்டர் ஓடவில்லை என்றாள். போய்ச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

நாலரை மணிக்கு ஸ்ரீதமா தாழ்வாரத்தில் வந்தாள். எழுந்து நின்றேன். "நமஸ்கார், மேடம்" என்று சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.