செத்தவர்கள் இல்லாத மலர்

நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேக மலர் கைக்கு வந்துவிட்டது. பிரித்ததும் அச்சு மையின் வாடை குப்பென்று அடித்தது. நீ இருந்திருந்தால் முதலில் மூக்கருகே வைத்து முகர்ந்திருப்பாய். பள்ளிக்கூடத்தில் புதுப் புத்தகம் கொடுத்த காலத்திலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

வழவழப்பான தாள். பெரிய மனிதர்களின் வாழ்த்துச் செய்தி, கோலா தெர்லா காய்கறி முதலாளிகளின் விளம்பரம், நடுவே 'தோட்ட வரலாறு' என்று அரைப்பக்கம். துரை காட்டை அழித்துத் தேயிலை போட்டாராம், நம் முன்னோர் அம்மனை வைத்தார்களாம், அவள் அருளால் எல்லாரும் நலமாம். நாம் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூட இல்லை.

இதற்காகவா ஒரு மழைக்காலம் முழுக்க லயம் லயமாக ஏறி இறங்கினோம்? நீ கொழுந்து கிள்ளி முடித்து வருவாய். நான் கம்போங் ராஜா பூக்கொட்டகையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவேன். நீ பேச்சுக் கொடுப்பாய், நான் எழுதுவேன். யாரைக் கேட்டாலும் யார் எப்படிச் செத்தார்கள் என்பதிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் லோரியிலேயே பிள்ளை பெற்று உயிரை விட்ட அஞ்சலை. ரோடு வெட்டும்போது மண் சரிந்து புதைந்துபோன குப்பன். காய்ச்சலில் ஒரே லயத்தில் அடுத்தடுத்துப் போன பிள்ளைகள். அவர்களைப் புதைத்த மேட்டில் இன்று தக்காளிக் கொட்டகை நிற்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் நீ இரண்டு தடவை கேட்டு வாங்கினாய்.

எழுதியதைக் கோயில் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, பக்கத்துக்குப் பக்கம் சாவு. நல்ல காரியத்துக்குப் போடுற புக்குலா இது" என்றார்.

"செத்தவங்கள எடுத்துட்டா நம்ம கதையில யாருண்ணே இருக்கா?" என்று கேட்டாய்.

அவர் சிரித்துக்கொண்டே தாள்களை வாங்கி வைத்தார். வெளியே வந்ததும், "போட்டுருவாருடி, மனுசன் நின்னு கேட்டாருல்ல" என்றாய். உன் நம்பிக்கையை நினைத்தால் இப்போது கோபம்தான் வருகிறது.

அச்சுக்குப் போவதற்குள் நீயே போய்விட்டாய். மலரின் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், என் பெயர் இருக்கிறது. உன் பெயர் இல்லை. தலைவரைக் கேட்டேன்.

"தப்பா நெனைக்காதம்மா. எறந்தவங்க பேரு ஒண்ணும் வேணாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம்."

தாள்களைக் கேட்டதற்கு அச்சகத்தைக் கை காட்டினார். கடை மாற்றியபோது பழைய காகிதத்தோடு போயிருக்கும் என்றார்கள் அங்கே. நம்மிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான். கதை சொன்னவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. மீதிப்பேர் பிள்ளைகளோடு ஈப்போ, கோலாலம்பூர் என்று மலையிறங்கிவிட்டார்கள். கூப்பிட்டால் பேரப்பிள்ளை போனை எடுக்கிறது. "தாத்தாவுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல ஆண்ட்டி" என்கிறது.

சாமந்தியைக் கட்டுக் கட்டும்போது அந்தப் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன், நாம் கேட்டு வாங்கிய அதே வரிசையில். கடைசியாக உன் பெயரையும் சேர்த்திருக்கிறேன். பக்கத்தில் வேலை செய்யும் பங்களாதேஷ் பையன் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நேற்று அந்தப் பிள்ளைகளில் ஒன்றின் பெயர் வரவில்லை. கொட்டகை மூடும் வரை யோசித்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். வேறு யாருக்கும் தெரியாது.