இருக்கலாம் என்று சொன்னவள்

நவம்பர் 9, 2025 – மாதுங்கா

மதியக் காட்சிக்கு நல்ல கூட்டம். கோளரங்கத்தில் வர்ணனை சொல்ல ஆரம்பித்து எத்தனையோ வருஷமாயிற்று. காட்சி முடிந்ததும் யாராவது ஒருவர் அதே கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. வேறு கிரகத்தில் உயிர் உண்டா? இன்று கேட்டவர் போனில் படம் பிடித்துக்கொண்டே கேட்டார். வழக்கம்போலச் சொன்னேன்: "இருக்கலாம். ஆனால் இதுவரை யாரும் பார்த்ததில்லை."

சாயங்காலம் தம்பி வெங்கி டோம்பிவிலியிலிருந்து பேசினான். இவ்வளவு உற்சாகமாக அவன் பேசிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. "அக்கா, எங்க குரூப்ல எல்லாரும் உன் வீடியோவைத்தான் பாக்கறா!"

என்ன குரூப்?

நவம்பர் 12

பார்த்தேன். வீடியோவில் என் பதிலை "இருக்கலாம்" என்பதோடு வெட்டிவிட்டார்கள். கீழே, 'கோளரங்க அதிகாரியே ஒப்புக்கொண்டார்.' நான் அதிகாரியா?

நவம்பர் 23

டோம்பிவிலிக்குப் போய்வந்தேன். குரூப்பை நடத்துகிறவர் செம்பூரில் இருக்கும் சந்திரமௌலி, ரிட்டயர்டு இன்ஜினியர். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு வால்நட்சத்திரம் வந்து கடந்துபோகிறதே, அது கப்பலாம். டிசம்பர் 19 அன்று பூமியை நெருங்கும்போது, உடம்பைச் சுத்தம் செய்துகொண்டவர்களை அழைத்துக்கொண்டு போய்விடுமாம்.

"நெருங்கறதுன்னா இருபத்தேழு கோடி கிலோமீட்டர்டா" என்றேன்.

வெங்கி சிரித்தான். "அவாளுக்கு அது ஒரு தூரமா?"

சுத்தம் என்றால் நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடு கிடையாது, மருந்து கிடையாது. அவனுக்குச் சர்க்கரை வியாதி. பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். அதை நிறுத்தினால் சில நாள்கூடத் தாங்காது. அவனுக்கே தெரியும்.

"அங்க ஊசியே கிடையாது, அக்கா. முப்பது வருஷமாக் குத்திண்டிருக்கேன். போறும்."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அலுத்துப்போனவன் குரலில் சொன்னான். ரயிலில் வரும்போது அந்தப் "போறும்" காதிலேயே நின்றது.

நவம்பர் 30

தம்பி மனைவி வந்தனா போனில் அழுதாள். அவர்கள் பெண் அம்மிணி பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவருகிறாளாம். ஒன்பது வயதுக் குழந்தை. ஏன் என்று கேட்டதற்கு, "அப்பா போனா நானும் போணும்" என்றாளாம்.

டிசம்பர் 7

சந்திரமௌலியைப் போய்ப் பார்த்தேன். சோபாவில் உட்கார வைத்து, காபி கொடுத்து, தானும் குடித்தார். தட்டில் முறுக்கு.

"நீங்க சாப்பிடறேளே சார்?"

"நான் அனுப்பி வைக்கறவன்மா. எனக்கு இன்னும் இங்க வேலை இருக்கு."

"ஊசியை நிறுத்தினா என் தம்பி செத்துப்போயிடுவான்."

"அங்க யாரும் இல்லைன்னு உங்களால சொல்ல முடியுமா? நீங்கதானேம்மா இருக்கலாம்னேள்?"

 மீதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். போலீஸிலும் சொல்லிப் பார்த்தேன். சாப்பிடாமல் இருப்பது குற்றமா மேடம் என்று கேட்டார்கள்.

டிசம்பர் 14

இன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டானாம். நாளைக்கு? 

டிசம்பர் 17

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

காலையில் வந்தனா பேசினாள். வீட்டிலிருந்த இன்சுலினை எல்லாம் நேற்றே குப்பையில் போட்டுவிட்டான். "வாந்தி எடுத்துண்டே இருக்கார் அக்கா. புதுசு வாங்கிண்டு வந்தா தொட விடமாட்டேங்கறார்." குர்லாவில் மாறி ஃபாஸ்ட் லோக்கல் ரயில் பிடித்தேன். அது தாணேயில் நின்று, கிளம்பாமல் நின்று – கடவுளே, அந்த நிற்றல்!

உள்ளே போனதும் அந்த வாசனை. அவன் மூச்சில் அழுகின பழ வாசனை. சின்ன வயதில் ஒருதரம் இப்படித்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நெஞ்சு ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கால்மாட்டில் அம்மிணி, உதடு காய்ந்து.

"இன்னும் ரெண்டே நாள், அக்கா. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டுபோகாதே."

வந்தனா என் கையைப் பிடித்தாள். "நீங்க சொன்னா நம்புவார். அங்க யாரும் இல்லைன்னு சொல்லுங்கோ."

இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று நான் இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னேன்.

"வெங்கி, அங்க யாரும் இல்லடா. எங்கேயும் இல்லை. நான் சொன்னதெல்லாம் டிக்கெட் வாங்கிண்டு வரவாளுக்காக. ஒரு புழு பூச்சிகூடக் கிடையாது. நாமதான்டா இருக்கோம். நாம மட்டும்தான்."



"நிஜமாவா?"

"நிஜமா."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தூக்கிவிடச் சொல்லிக் கையை மட்டும் நீட்டினான். நானும் வந்தனாவும் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். வேண்டாம் டாக்டர் என்று நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 19

ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் எழுதுகிறேன். இன்றைக்கு அது கடந்துபோகிறது. யார் கண்ணுக்கும் தெரியாது. வெங்கி கண் விழித்துத் தண்ணீர் கேட்டானாம். வேறெதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 28

வீட்டுக்கு வந்துவிட்டான். வந்தனா ஊசி போட்டால் பேசாமல் இருக்கிறான். மற்ற நேரமும் பேசாமலே இருக்கிறான். நான் சொன்னது பொய் என்று தெரிந்தால் மறுபடியும் –? தெரியாமலே இருந்தால் மட்டும் நல்லதா? அவனுக்கென்று இருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டேனா? எது நடந்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 11, 2026

மதியக் காட்சிக்கு வெங்கி அம்மிணியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கடைசி வரிசை. விளக்கு வந்ததும் முதலில் கை தூக்கியது அவள்தான்.

"அத்தை, வேற கிரகத்துல யாராவது இருப்பாளா?"

 அவள் பக்கத்தில் அவன். இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். அம்மிணி கையை இறக்காமல் காத்திருந்தாள்.

"தெரியாது, அம்மிணி" என்றேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதுவரை யாரும் பார்த்ததில்லை."

அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே மரத்தடி பெஞ்சில் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ பொய் சொல்றேன்னு எனக்குத் தெரியும், அக்கா."

"அப்புறம் ஏண்டா ஆஸ்பத்திரிக்கு வந்தே?"

"நீ பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பொய் சொல்ற அளவுக்குப் பயந்துபோயிட்டியேன்னு தோணித்து."

 சந்திரமௌலி கப்பலுக்கு அடுத்த தேதி சொல்லிவிட்டார் என்றான்.

"நீ என்ன பண்ணப்போறே?"

பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தான். அம்மிணி மறைப்பாக எழுந்து நின்றாள். சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டான். முகம் சுளித்தது.

"பசிக்கறது" என்றான். "டப்பாவைத் திற, அம்மிணி."