ஓர் ஆள் குறைந்த மூலை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம்.

நேற்று மாலை எங்கள் பள்ளி உணவுக்கூடத்தில் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வு நடந்தது. இங்கே அயோவாவில் எங்கள் கட்சியின் இந்தத் தேர்வுக்கு வாக்குச்சீட்டு கிடையாது. எல்லோரும் பார்க்க அவரவர் வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும். நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு ஆகிவிடும் என்பதால், பதினேழு வயதான எனக்கும் உரிமை உண்டு. இன்சுலின் விலையைக் குறைப்பேன் என்றவருக்காக நின்றேன். உங்கள் தம்பி டுவெயின் மாமா வேறொரு வேட்பாளருக்காக ஆள் சேர்த்தார். அவருடைய மூலையில் தேவையான எண்ணிக்கைக்கு ஓர் ஆள் குறைந்தது. அந்த மூலையையே கலைத்துவிட்டார்கள்.

"வீட்டுப் பொண்ணையே இழுக்க முடியல, ஊரை இழுக்க வந்துட்டாரு" என்று பக்கத்து வீட்டு லைல் சிரித்தார்.

நான் தங்கியிருக்கும் அவர் வீட்டுக்கு வந்ததும் மாமா, "நின்ன இடத்துலயே போய்ச் சாப்பிடு" என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை. என் பழைய குளிர்கோட்டை மட்டும் உடனே அனுப்புங்கள். நான் போட்டிருப்பது மாமாவுடையது. எப்போது கழற்றச் சொல்வாரோ தெரியாது. படியேறி வருகிறார், விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் மார்லிஸ்