விலை எழுதாமல் விற்ற பங்குகள்

கெய்ரோ
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த ஷஹாத்தா மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் ரபாப் சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாமி நேற்று மஹல்லா ஊரிலிருந்து வந்து, காய்ந்த மொலோகியாக் கீரை ஒரு பையும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் கொடுத்துவிட்டுப் போனார். சவூதியின் தம்மாம் வெயிலில் காலுறை எதற்கு என்று அம்மா சிரித்ததற்கு, "ஓட்டுற பள்ளிக்கூட பஸ்ஸுல ஏசி இருக்குல்ல, அந்த மனுசனுக்குக் கால்தான் முதல்ல சில்லிட்டுப் போகும்" என்றார். இவற்றோடு இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டு சப்ரி கொண்டுவருகிறார். குரல் பதிவாக அனுப்ப மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் சலாமோடு நின்றுவிட்டது.

போன வாரம் நீங்கள் அனுப்பிய பதிவைக் கேட்டேன். "ரபாப், என் ரூம்ல நாலு பேரு அந்த மாவு ஆலைப் பங்கை வாங்கிட்டானுங்க. விக்கிறப்ப விலையே எழுதாதீங்கடா, அங்க என் மருமக உக்காந்திருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வேலை கிடைத்த மாதம் உங்கள் வீட்டில் சாப்பிட்டோமே, நினைவிருக்கிறதா? மார்க்கெட் மேக்கர் என்றால் என்ன என்று கேட்டீர்கள். ஒரு பங்குக்கு வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று, இரண்டையும் திரையில் வைத்துக்கொண்டே இருப்போம், வேறு யாரும் வராவிட்டாலும் எங்களிடம் விற்கலாம் என்றேன். "யாருக்கும் வேணாங்குறதையும் வாங்குவீங்களா? அப்ப உங்க மாமிய வித்துப் பாக்கட்டுமா?" என்றீர்கள். மாமி கரண்டியை ஓங்கினார். விற்கும்போது விலை எழுத வேண்டாம், சந்தை விலைக்கு என்று மட்டும் போடுங்கள், உடனே முடிந்துவிடும் என்றும் நான்தான் சொன்னேன்.

பாதியைத்தான் சொன்னேன், மாமா. ஒரு நாளில் இத்தனை மணி நேரம் நாங்கள் இருந்தே ஆக வேண்டும். அது முடிந்துவிட்டால் விலகிக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே படித்த விதி இது. ஆனால் அன்று மேசையைச் சுற்றி எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பட்டம் வாங்கிய பிறகும் நம் வீட்டில் யாரும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. மீதியைச் சொன்னால் அந்த அழகு கெட்டுவிடும் என்று தோன்றியது.

நெசவாலை வேலையை விட்டபோது கிடைத்த விலகல் பணத்தில் அந்த மாவு ஆலையின் 2,400 பங்கு வாங்கினீர்கள். மிஞ்சிய சில்லறையில் இன்னும் பதினேழு. "ஃபலாஃபில் வாங்கித் தின்னா இன்னைக்கே போயிடும், இது கிடக்கட்டும்" என்றீர்கள். 2,417. அந்த எண் எனக்கு மறக்கவில்லை.

நீங்கள் விற்ற அந்தச் செவ்வாய்க்கிழமை, காலையிலேயே மாவு ஆலையைப் பற்றி ஏதோ வதந்தி. எல்லோரும் விற்றார்கள், நாங்கள் வாங்கிக்கொண்டே இருந்தோம். ஒன்றரை மணிக்கு எங்கள் கடமை நேரம் முடிந்தது. மேலாளர் மம்தூஹ் என் பின்னால் வந்து நின்று, "போதும் ரபாப். வாங்குற விலைய ஒருத்தனும் வராத இடத்துக்கு இறக்கு. தர்ம சத்திரமா நடத்துறோம்?" என்றார். இன்னும் பத்து நிமிடம் இருக்கட்டும் சார் என்று கேட்டிருக்கலாம். அறுபத்து நான்கு பவுண்டில் இருந்ததை ஐம்பத்தெட்டுக்கு இறக்கினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. 2,417 பங்கு, சந்தை விலைக்கு என்று திரையில் வந்தது. நடுவில் வேறு யாரும் வாங்க நிற்கவில்லை. நேராக என் விலையில் வந்து விழுந்தது. திரையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

உங்களிடம் வாங்கியது நான்தான், மாமா. வதந்தி பொய் என்று மறுநாள் தெரிந்ததும் விலை ஏறியது. அதே பங்குகளை அறுபத்தைந்துக்கு விற்றோம். மம்தூஹ் எல்லோருக்கும் பாஸ்பூசா இனிப்பு வாங்கித் தந்தார். நானும் தின்றேன்.

அந்தப் பணத்தில் நீங்கள் பாதி உரிமை வாங்கி ஓட்டவிருந்த மைக்ரோபஸ்ஸுக்குப் பத்தாயிரம் பவுண்டு குறைந்துபோனதும், அதற்குள் வேறொருவர் முழுப் பணத்தோடு வந்துவிட்டதும், நீங்கள் தம்மாம் போக முடிவெடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சம்பாதிக்கிற பெண்ணிடம் கை நீட்டக் கூடாது என்று மாமியிடம் சொன்னீர்களாம். அம்மாவிடம், "நான்தான் அவசரப்பட்டேன், புள்ள சரியாத்தான் சொல்லிக் குடுத்துச்சு" என்றும் சொன்னீர்களாம். விமான நிலையத்தில் என் நெற்றியில் முத்தமிட்டு, வேலையை விட்டுவிடாதே என்றீர்கள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பெட்டியின் பூட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு அறையில் ஐந்து பேரோடு படுக்கிறீர்கள். அதற்கு நான் என்ன எழுதினாலும் ஈடாகாது. எழுதவும் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நான்கு பேரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். விற்கும்போது விலையை எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே தரமாட்டேன் என்று எழுதச் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவள் எழுந்து போய்விடக்கூடும் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.

இறைவன் உங்கள் பஸ்ஸையும் அதில் ஏறும் குழந்தைகளையும் காக்கட்டும். காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். பெருநாளுக்கு வரும்போது, எனக்கு சலாம் சொல்ல மனம் வராவிட்டாலும், வீட்டுக்கு வாருங்கள். கதவை நான் திறக்கிறேன்.

உங்கள்
ரபாப்