ஓலையை நிறுத்தியது யார்?

ஊரிகம்,
10.6.1963

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையுமான என் கணவர் அவர்களுக்கு,

பாக்கியவதி எழுதுவது. இங்கே நானும் ஞானசுந்தரியும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறதா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். போன கடிதம் மாதிரி மதனப்பள்ளி ஆஸ்பத்திரிக் காற்று நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுத வேண்டாம். நான் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு வயிற்றெரிச்சலான சமாசாரம். ஜூன் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் மகளுக்கும் சிரிலுக்கும் கோயிலில் கலியாண அறிவிப்பு, மூன்று ஓலையில் முதல் ஓலை, வாசித்தார்கள். 'சுந்தரராஜ் மகள் ஞானசுந்தரி' என்று நம் சபை ஐயர் வாசித்தபோது, அதைக் கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று வழக்கப்படி கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று இரண்டாவது ஓலை வாசிக்க வேண்டும். ஐயர் எல்லா அறிவிப்பையும் வாசித்தார். யாரோ விட்டுவிட்டுப் போன குடையைப் பற்றிக்கூடச் சொன்னார். நம் ஓலையை மட்டும் வாசிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் போய் நின்றேன். ஒரு தடை வந்திருக்கிறது, யார் சொன்னார்கள் என்று சொல்வதற்கில்லை, 'கொஞ்ச நாள் காத்திருங்கம்மா, கர்த்தர் நல்லதுக்குத்தான் செய்வாரு' என்றார். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். கர்த்தர் செய்வது நல்லதுக்குத்தான். ஆனால் ஓலையை நிறுத்தியது கர்த்தர் இல்லையே, ஏதோ ஒரு மனுஷ வாய்தானே.

யோசித்துப் பாருங்கள். வாரம் முழுக்க ஐயர் ஊரில் இல்லை, குருமார் கூட்டத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்தார். ஞாயிறு காலையில் தடை. அதற்குள் அவர் வீட்டு வாசலை மிதித்தது யார்?

பக்கத்து வீட்டு லூயிசா மேல் எனக்குச் சந்தேகம். அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். நம் கோயிலில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டுக்கு வந்து முக்காட்டை எடுப்பதற்குள் வாசலில் நின்றுகொண்டு, 'இன்னா பாக்கியம், ரெண்டாவது ஓலை வாசிக்கலையாமே' என்கிறாள். அவள் தங்கை மகள் ஒருத்தி ராபர்ட்சன்பேட்டையில் வயசுக்கு மிஞ்சி நிற்கிறாள். மாப்பிள்ளைக்கு அலைகிறார்கள். கணக்கு சரியாக வருகிறதா இல்லையா?

ஞானத்துக்கு எடுத்த புடவையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஜெபித்துக்கொள்ளுங்கள். மருந்தை ஜன்னல் வழியாகக் கொட்டாதீர்கள், எனக்கு உங்களைத் தெரியும்.

தங்கள் மனைவி,
பாக்கியவதி


ஊரிகம்,
1.7.1963

அன்பான கணவர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து கொஞ்சம் சரிந்திருக்கிறதே, படுத்துக்கொண்டா எழுதினீர்கள்? நர்ஸ் அம்மா திட்டமாட்டாளா?

லூயிசா இல்லை என்று ஆகிவிட்டது. நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது மூங்கில் தட்டிதானே. கோயிலிலிருந்து எனக்கு முன்னால் ஓடி வந்த ஞானம் அழுததை அவள் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அவள் தங்கை மகளுக்குச் சென்னையில் இடம் முடிந்துவிட்டதாம். நான் பேசாமல் இருந்த பத்து நாளும் அவள் ரசம் கொடுத்தனுப்பினாள். நல்ல ரசம்தான்.

அடுத்த சந்தேகம் கோயில் மணி அடிக்கும் துரை மேல். அவன் மைத்துனனுக்கு நம் பெண்ணைக் கேட்டு நாம் கொடுக்கவில்லை. கோயில் சாவியும் அவனிடம், ஐயர் வீட்டு வாசலும் அவனுக்குப் பழக்கம். ஞாயிறு நான் உள்ளே நுழையும்போது மணியை வேண்டுமென்றே பலமாக அடித்தான் என்று எனக்குத் தோன்றியது. நேராகவே கேட்டுவிட்டேன். பைபிள் மேல் கைவைத்து, 'நான் இல்லீங்கக்கா, இன்னாத்துக்கு நான் ஒரு பொண்ணு பாவத்தைக் கொட்டிக்கப் போறேன்' என்று சொல்லிவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவும் ஒருவேளை வெங்காயமாக இருக்கலாம், கையில் வெங்காயப் பை வைத்திருந்தான்.

சிரில் பக்கமும் சரியில்லை. முன்பெல்லாம் நம் லைன் வீடுகளைத் தாண்டும்போது சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பான். இப்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறான். நம் மகளோ தட்டு நிறையச் சாப்பிடுகிறாள். கலியாணம் நின்ற பெண் இரண்டாம் முறை சோறு கேட்பாளா? கேட்டால், 'நான் பட்டினி கெடந்தா ஓலை வாசிச்சிடுவாங்களாம்மா' என்கிறாள். உங்கள் மகள், வேறென்ன சொல்வேன்.

ஐயர் வாராவாரம் காத்திருக்கிறவர்களைப் பற்றியே பிரசங்கம் செய்கிறார். எனக்குக் கர்த்தர் மேல் சந்தேகம் இல்லை. அவருடைய ஆட்கள் மேல்தான்.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'பொறுமையாக இரு பாக்கியம், கர்த்தரை நம்பிக் காத்திரு, அவர் பார்த்துக்கொள்வார்.' ரேஷன் கடையில் எடைக் கல்லைத் தூக்கிப் பார்த்துச் சண்டைக்குப் போன மனிதர் நீங்கள். மகள் கலியாணம் நடுவில் நின்றிருக்கிறது, யார் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசுவாசம் பெருகிவிட்டதா, உடம்பு அவ்வளவு தளர்ந்துவிட்டதா? எதுவானாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் மனைவி,
பாக்கியவதி


ஊரிகம்,
22.7.1963

என் கணவர் அவர்களுக்கு,

போன வியாழக்கிழமை பெண்கள் சங்கத்துக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது ஐயரம்மா, ஞானத்துக்குப் பிடிக்கும் என்று நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தார்கள். ஓவல்டின் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஜாடியில் மாற்றிவிட்டு டப்பாவைக் கழுவக் கவிழ்த்தேன். அடியில் ஆணியால் கீறிய உங்கள் சுரங்க டோக்கன் நம்பர்.

ஈஸ்டருக்கு நான் சுக்கும் மிளகும் போட்டு வெல்லப்பாகில் உருண்டை பிடித்து, உங்கள் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்த டப்பா அது. அதற்குக் கால் முளைத்து ஐயர் வீட்டுக்கு நடந்து வராது. ஐயர் கூட்டத்திலிருந்து திரும்பும்போது மதனப்பள்ளி வழியாக வந்திருக்கிறார். உங்களைப் பார்த்திருக்கிறார். பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று உருண்டையை டப்பாவோடு தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கை அடங்காத தாராளம். ஐயரம்மாவுக்கு யார் டப்பா என்று தெரியவில்லை, பாவம்.

மறுநாள் டப்பாவை ஐயர் மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தான் வாக்குக் கொடுத்திருப்பதாகவும், உங்களிடமே கேட்டுக்கொள்ளும்படியும் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதனால்தான் ஜன்னலைப் பார்த்திருக்கிறார்.

ஊர் முழுக்கச் சந்தேகப்பட்டேன். உங்களை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை எனக்கு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். பெண் கொடுக்கச் சம்மதம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நம் பையன் மாதிரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பிறகு நீங்களே ஏன் நிறுத்த வேண்டும்?

அன்றைக்குச் சாயங்காலம் சிரிலைக் கூப்பிட்டனுப்பினேன். ஷிப்ட் முடிந்து நேராக வந்து நின்றான். கலியாணப் பேச்சு முடிந்தபோது அவன் மேலே வொர்க்ஷாப்பில் இருந்தான் அல்லவா? மே மாதத்திலிருந்து சுரங்கத்துக்குள் இறங்குகிறானாம். கல்லைத் துளைக்கும் மிஷின் வேலை. பெருமையாகச் சொன்னான், 'மாமா ஓட்டின மிஷின்தாங்க அத்தே, அதே லெவல்ல.' நமக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். இப்போது தண்ணீர் விட்டுத்தான் துளைக்கிறார்கள், தூசி கிடையாது என்றான். சொல்லும்போது அவன் காதோரம் வெள்ளையாகப் படிந்திருந்தது. உங்கள் காதிலிருந்து எத்தனை வருஷம் அதைத் துடைத்தேன்.

ஐயர் இந்தச் செய்தியைத்தான் உங்களிடம் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். அதற்குத்தான் ஓலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள். காரணத்தை எனக்கு ஏன் சொல்லவில்லை என்பதும் புரிந்துவிட்டது. சிரிலுக்கு என்ன வரும் என்று சொன்னால், உங்களுக்கு என்ன வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது சளி இல்லை என்று சொல்ல வேண்டும்.

உங்கள் துண்டைத் துவைத்தவள் நான். சளி இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். கிறிஸ்மஸுக்குள் வந்துவிடுவேன் என்று நீங்கள் எழுதியபோதெல்லாம், நானும் தெரியாத மாதிரி சரி என்று எழுதினேன். உங்களுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இருவருமே நன்றாக நடித்திருக்கிறோம்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்ன நடக்கும் என்று தெரியாமல் காத்திருந்தால் அது கர்த்தருக்காகக் காத்திருப்பது. தெரிந்தவர் மறைத்து வைத்துக்கொண்டு என்னைக் காத்திருக்கச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள். எவ்வளவு கெட்ட செய்தியானாலும் உங்கள் கையால் எழுதுங்கள். எழுத்து சரிந்தாலும் பரவாயில்லை.

ஞானத்திடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.  'அப்பா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும், அவரு சொரங்கத்த விட்டு மேல வரட்டும், நான் காத்திருக்கேன்' என்றாள். சிரிலும் மறுபடி வொர்க்ஷாப்பிலேயே போடும்படி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். கொடுப்பார்களோ மாட்டார்களோ. கொடுத்தால் இரண்டாவது ஓலை. அதுவரை புடவை பெட்டியிலேயே இருக்கட்டும். இந்தக் காத்திருப்புக்கு நானும் சம்மதம்.

நமக்கு ஓலை வாசித்த நாளில், இந்த மாப்பிள்ளையின் நெஞ்சில் கல் தூசி ஏறிவிடும் என்று யாராவது எழுந்து சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். உட்காருங்கள் ஐயா, எனக்கு இவர்தான் வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இதை நான் உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. மகளுக்கு நீங்கள் செய்ததும் சரி, எனக்கு நான் செய்துகொண்டதும் சரி.

இந்தக் கடிதத்தோடு அதே டப்பாவில் உருண்டை வருகிறது. லூயிசாவும் பாகு பிடிக்க வந்தாள். யாருக்கும் தூக்கிக் கொடுக்காமல் நீங்களே சாப்பிடுங்கள். கர்த்தர் உங்கள் மூச்சைக் காக்கட்டும். டப்பா எனக்குத் திரும்ப வேண்டும். ஐயரிடமோ வேறு யாரிடமோ கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள்.

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
பாக்கியவதி