கொட்டகையில் கிடந்த இரண்டாவது வண்டி

காலையில் தென்னந்தோப்புப் பக்கமிருந்து கிரீஸ் வாசனை வந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றடியில் ஆயில் எஞ்சினைக் கழற்றி, சாமான்களைச் சாக்கின்மேல் பரப்பிக்கொண்டிருந்தார். “கழட்டுன வரிசையிலயே வெச்சுட்டா, மாட்டறப்பத் தடுமாற வேண்டாமுங்க டீச்சர்” என்றார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். இந்தப் பெருமாட்டி ஊருக்கு வந்ததிலிருந்து யாரிடமும் நான் இப்படி நடந்துகொண்டதில்லை.

வரிசை என்பது உன் பிடிவாதம். சாந்தன்பாறை ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தபோது கத்தியும் கத்தரியும் எந்த ஒழுங்கில் இருக்க வேண்டுமென்று நினைத்தாயோ, அதே ஒழுங்கை இரும்புக்கும் கேட்டாய். போடிமெட்டு வளைவில் பள்ளத்துக்குள் போன காரை உதிரிச் சாமானுக்காக நீ விலைக்கு வாங்கியபோது நான் மறுக்கவில்லை. உன் வண்டியும் அதே மாதிரி வண்டி. மலைமேல் ஒரு சாமான் உடைந்தால் மதுரையிலிருந்து வந்து சேர வாரக்கணக்காகும். அதற்குள் எந்தத் தோட்டக் குடியிருப்பு லயத்தில் எவள் பிரசவ வலியெடுத்துக் கிடப்பாள் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் காரோடு விழுந்து செத்த வியாபாரியையும் டிரைவரையும் பற்றி நாம் பேசிக்கொள்ளவில்லை.

நம் வீட்டுக் கார்க் கொட்டகை சின்னது. கனமானவற்றைச் சுவரோரம் தாழ்வாக அடுக்கலாம், நடுவில் உன் வண்டிக்கு இடம் விடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. உருட்டுக் கட்டைகளை அடியில் கொடுத்து, நாமிருவரும் மூச்சு வாங்க ஒவ்வொன்றாகத் தள்ளினோம். முன் அச்சு வாசல் பக்கம். அதன் பின்னால் பலகைமேல் எஞ்சின். அடுத்து கியர் பெட்டி. கடைசியில் பின் அச்சு. ஸ்பிரிங் வில்பட்டைகள்கூட அந்தந்த மூலையில். “காருக்குள்ள எங்கே இருந்துச்சோ அங்கேயே இருந்தா தேட வேண்டாம் பாரு” என்றாய். முடித்துவிட்டுப் பார்த்தபோது, தகரமும் தோலும் இல்லாத ஒரு கார் முழு நீளத்துக்குப் படுத்திருந்தது. இடமில்லாததால் உன் கார் வெளியே தார்ப்பாயின் கீழ் மழையில் நின்றது. ஓடுகிற வண்டி வெளியே, செத்த வண்டி கூரைக்குள்.

சாமான்களை ஏற்றி வந்த லாரி டிரைவர் சேசையா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“டாக்டரம்மா, பூராத்தையுமா கொண்டாந்துட்டிய? விழுந்த வண்டியில ஒரு சாமானையாவது பள்ளத்துலயே விட்டுட்டு வரணும்மா. மலையில ஓட்டுற எவனும் முழுசா தூக்கிட்டு வர மாட்டான். எல்லாம் ஒரு கூரைக்கு அடியில சேந்துச்சுன்னா அது கெளம்பப் பாக்கும்.”

“கெளம்பட்டுமே சேசையா. பெட்ரோல் இல்லாம ஓடுற வண்டி எனக்கு லாபந்தானே?”

“வெளையாடாதியம்மா. ஆள் சேத்துக்கிட்டுப் போவும்.”

நீ சிரிப்பை நிறுத்தினாய். “எதை விடச் சொல்லுதீரு? கியர் பெட்டியையா? நாளைக்கு எனக்கு அதுதான் உடைஞ்சா, பிள்ளை தலை திரும்பிக் கெடக்கவகிட்ட என்னன்னு சொல்ல?”

சேசையா திரும்பிப் போய் லாரியில் ஏறிக்கொண்டார்.

பிறகு ஒரு மத்தியானம். நீ காரை எடுத்துக்கொண்டு பூப்பாறைக்குப் போயிருந்தாய். மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கொட்டகையில் கியர் மாற்றும் கரகரப்புக் கேட்டது. போய்ப் பார்த்தேன். கியர் பெட்டிமேல் கியர் போடும் தண்டு நடுவில், நியூட்ரலில், நிமிர்ந்து நிற்கும்படி வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அது இப்போது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தரைச் சரிவு, இரும்பின் சுருக்கம் என்று இரண்டு காரணங்கள் உடனே தோன்றின. தண்டை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மீண்டும் சாய்ந்திருந்தது. அதற்குப் பிறகும்.

உன்னிடம் சொன்னேன். “ஏட்டி, பௌதிகம் படிச்சவ பேசுற பேச்சா இது?” என்று என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாய்.

மெட்டுக்கு அந்தப்புறத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணின் பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்த அன்று, மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனாய். பொழுது சாய்ந்தபோது நான் கொட்டகைக்குப் போனேன். தண்டு நடுவில் நின்றது. நான் தொடவில்லை. வண்டியை நிறுத்தியவர்கள் அப்படித்தான் வைத்துவிட்டு இறங்குவார்கள்.

உன் கார், முன்பு அந்தக் கார் விழுந்த அதே வளைவில், ஓரமாக ஒழுங்காக நிறுத்தியிருந்தது. கை பிரேக் போட்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. உன் மருந்துப் பை இருக்கையில் இருந்தது. உன்னைக் கீழே பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். அந்தப் பெண் நீ போகாமலேயே பெற்றுப் பிழைத்தாள் என்று பிறகு தெரிந்தது.

“யாரோ கை காட்டி நிறுத்துனாப்ல இருக்கும்மா” என்றார் சேசையா. பனியில் பாதை தெரியாமல் இறங்கியிருப்பாய், விளிம்பு புலப்பட்டிருக்காது. போலீஸிடம் அதைத்தான் சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இறங்கினால் பையைக் கையில் எடுக்காத உன்னை நான் பார்த்ததே இல்லை.

கொட்டகையைக் காலி செய்யும் நாள் வந்தது. ஒரு சாமானைப் பள்ளத்துக்குக் கொடுத்தால்தான் மற்றதைப் போடிக்கு ஏற்றுவேன் என்று சேசையா நின்றார். நான் தர்க்கம் பேசவில்லை. எது இல்லாவிட்டால் எஞ்சின் ஓடினாலும் சக்கரம் சுற்றாது என்று எனக்குத் தெரியும். பின் அச்சைத் திறந்து உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தை எடுத்துத் தரச் சொன்னேன். வளைவில் லாரி நின்றது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்தேன். வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது.

“போடுங்கம்மா.”

“இங்கே வேண்டாம்” என்றேன். நீ விழுந்த இடம் அது. அந்தக் காரோடு செத்தவர்கள் கேட்பதை உன் பக்கத்தில் போட எனக்கு மனம் வரவில்லை.

மலையை விட்டே அதைக் கொண்டுவந்துவிட்டேன். இதுவரை மூன்று வீடு மாறியாயிற்று. டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. இங்கே வந்த அன்று பெட்டியை இறக்கிய வண்டிக்காரர், “ஏனுங்க டீச்சரம்மா, உள்ள ஆட்டுக்கல்லா வெச்சிருக்கீங்க?” என்றார். ஆமாம் என்றேன். எதையும் நம்பி இதை நான் வைத்திருக்கவில்லை. அந்த வண்டி இனி முழுசாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். அதனால் இன்னொருவர் கையில் இதைக் கொடுப்பதாகவும் இல்லை.